திரைப்படத் திறனாய்வில் நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

1. முன்னுரை

செஞ்சிக் கோட்டையை அறியாத தமிழர் மிகச் சிலரே. மூன்று குன்றுகளையும் ஒருங்கே வளைத்துச் செல்லும் அதன் மதில், 2025ஆம் ஆண்டில் மராத்தியர் படையரண்கள் என்னும் தொகுதியில் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பெற்றது. கோட்டையைச் சூழ்ந்த நாட்டில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்த மேல்சித்தாமூரை அறிந்தாரோ மிகச் சிலர். தமிழ்ச் சமணர்க்குத் தலைமையிடமாகிய சினகாஞ்சி மடம் இவ்வூரில் உள்ளது. பார்சுவநாதர் கோயிலின் கோபுரமும் மானத்தம்பமும், மலைநாதர் கோயிற் பாறையிற் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர், பாகுபலி, இயக்கியர் உருவங்களும் இவ்வூரின் தொன்மைக்குச் சான்றாக நிற்கின்றன. அவ்வுருவங்கள் ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியன எனக் கலை வரலாற்றார் கருதுவர்.

செஞ்சிக்குத் தேசிங்கு ராசன் கதை வாய்த்தது. அது நாட்டுப் பாடலாகவும் கூத்தாகவும் வழங்கிப் பின் திரைப்படமாகவும் ஆயிற்று. மேல்சித்தாமூரின் வரலாறு அத்தகைய கதைக்கு எளிதில் இடந்தருவதன்று. போர்க்களமும் வீரனும் இல்லாத அவ்வூரின் மரபைத் திரையிற் காட்ட விழைவார் பெரும்பாலும் ஆவணப்படத்தையே நாடுவர். அண்டை ஊர்களாகிய இவ்விரண்டும் ஒரு வினாவை எழுப்புகின்றன. கதைப்படத்தையும் ஆவணப்படத்தையும் திறனாய்வாளர் ஒரே அளவுகோலால் அளக்கலாமா? இரண்டிற்கும் வெவ்வேறு அளவுகோல் வேண்டுமெனின், அவற்றை எங்கிருந்து பெறுவது?

இக்காலத் திரைத் திறனாய்வில் இவ்வினாவிற்குத் தெளிந்த விடை இல்லை. கதைப்படத்தை நோக்கி, 'இஃது உண்மையன்று' எனக் குறை கூறுவாரும், ஆவணப்படத்தை நோக்கி, 'இதிற் சுவை இல்லை' எனக் குறை கூறுவாரும் பலர். இவ்விரு குறைகளும் அளவுகோல் மாறியதால் விளைந்தன என்பதும், ஏற்ற அளவுகோலுக்கு அடிப்படை தமிழ் இலக்கண மரபிலேயே உண்டு என்பதும் நம் கருத்து. அண்மைக்காலப் படங்கள் சிலவற்றைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முயல்வோம்.

2. இரு வழக்குகள்

தொல்காப்பியர் அகத்திணையியலின் இறுதிப் பகுதியில் புலனெறி வழக்கத்தைக் கூறும்போது, நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனை இணைத்துக் கூறினார். நாடக வழக்கு என்பது, வெவ்வேறு இடத்தும் வெவ்வேறு காலத்தும் நிகழக்கூடிய சுவையான செய்திகளை ஒருங்கே நடந்தனபோல் அமைத்துக் காட்டுவது என்பது இளம்பூரணர் விளக்கத்தின் சாரம். உலகியல் வழக்கு உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது. தலைவனும் தலைவியும் பிறர் எவரும் இல்லாத பொழிலில் எதிர்ப்படுதல் நாடக வழக்கு. அவர்தம் நெஞ்சு படும் பாடு உலகியல் வழக்கு. இரண்டும் கலந்தவழியே செய்யுள் பிறக்கின்றது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று உண்டு. தொல்காப்பியர் இவ்விரண்டையும் எண்ணும்மை கொடுத்து இணைத்தாரேயன்றி, ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. நாடக வழக்கைப் பொய் என்றும் அவர் கூறினாரல்லர். இக்கருத்து அகப்பாடலுக்கென அமைந்தது, திரைக்கலையைக் கருதியதன்று. ஆயினும், நிகழ்ந்ததற்கும் அமைத்ததற்கும் உள்ள உறவை ஆராய இதனினும் தெளிவான சொற்கள் நம்மிடம் இல்லை. ஆதலின் இவற்றைத் திரைப்படத்திற்கும் நீட்டிக் கொள்கின்றோம்.

உலகியல் வழக்கின் தூய வடிவத்துக்குச் செஞ்சி நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லும் பழைய கல்வெட்டு உள்ளது. பெயர், நோன்பு நாளின் எண்ணிக்கை, அவ்விடம் அவர் உயிர்நீத்த இருக்கை என்பது ஆகியன மட்டுமே அதிற் காணப்படும். புகழ்மொழி இல்லை, வருணனை இல்லை. சமணர் இயற்றிய பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியோ நாடக வழக்கின் நிறைவு எனத்தக்கது. சமய உணர்வால் ஒன்றாகிய இவ்விரண்டனையும் ஒன்றற்கொன்று மாறானவை என எவரும் கருதுவதில்லை. கல்வெட்டிடம் நாம் சான்றை எதிர்நோக்குகின்றோம். காப்பியத்திடம் சுவையை எதிர்நோக்குகின்றோம். திரையின்முன் அமர்ந்ததும் இத்தெளிவு நம்மை விட்டு நீங்கிவிடுகின்றது.

3. திரைத் திறனாய்வின் தொடக்கம்

ஆவணப்படம் என்னும் வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் பரவியதே ஒரு திறனாய்வாளரால் என்பது மாணவர் அறிய வேண்டுவது. 1926ஆம் ஆண்டில் இராபர்ட்டு பிளாகர்ட்டி எடுத்த 'மோவானா' என்னும் படத்தைப் பற்றி நியூயார்க்கு நாளிதழ் ஒன்றில் எழுதிய ஜான் கிரியர்சன், அப்படத்துக்கு ஆவண மதிப்பு உண்டு எனக் குறித்தார். அவரே பின்னர் ஆவணப்பட இயக்கத்தின் முன்னோடியானார். உண்மை நிகழ்ச்சியைப் படைப்புத் திறனோடு கையாள்வதே ஆவணப்படம் என்பது அவர் கொள்கை. எனவே, தொடக்கத்திலேயே ஆவணப்படம் வெறும் பதிவாகக் கருதப்படவில்லை, படைப்பாகவே கருதப்பட்டது.

தமிழகத்தில் நிலை வேறாக இருந்தது. 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதல், தமிழ்ப் பேசும்படம் நாடகக் குழுக்களின் வழிவந்ததாகவே வளர்ந்தது. நாடக மேடையின் கதை, பாட்டு, நடிகர் ஆகிய அனைத்தும் திரைக்குப் பெயர்ந்தன. அக்காலத் திறனாய்வும் அதற்கேற்பவே அமைந்தது. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் எழுதிய கல்கி, இசை, நடனம், நாடகம் ஆகியவற்றோடு ஒன்றாகத் திரைப்படத்தையும் வைத்து எள்ளல் கலந்த நடையில் மதிப்பிட்டார். அவர் எழுத்து வாசகரிடையே சுவையுணர்வை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. எனினும், பாட்டும் பேச்சும் பெற்ற இடத்தைக் காட்சி பெறாத ஒரு மரபு அக்காலத்தில் வேரூன்றியது.

இக்குறையைப் பிற்காலத்தில் எடுத்துக் காட்டியவருள் முதன்மையானவர் சு. தியடோர் பாஸ்கரன். வரலாற்றாய்வாளராகவும் திரைத் திறனாய்வாளராகவும் விளங்கும் அவர், திரைப்படத்தின் மொழி காட்சியே என்றும், கதையையும் உரையாடலையும் மட்டும் ஆராய்வது திரைப்படத்தை ஆராய்வதாகாது என்றும் வலியுறுத்தி வந்துள்ளார். திரைப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பதும் அவர் நூல்கள் உணர்த்தும் உண்மை. கதைப்படமும் தன் காலத்தின் ஆவணமாகும் என்பது இதனாற் பெறப்படுகின்றது. 1931இல் ஒரு பாத்திரம் எவ்வாறு உடுத்தது, எம்மொழியிற் பாடியது என்பன, படைத்தோர் எண்ணாமலே பதிந்துவிட்ட உலகியல் செய்திகள். 'காளிதாஸ்' படச்சுருள் இன்று கிடைக்காமையால் நாம் இழந்தது ஒரு கதையை மட்டுமன்று. ஒரு காலத்தின் சான்றையுமாகும்.

4. தேசிங்கு: வரலாறும் கதையும் படமும்

செஞ்சியை ஆண்ட சொரூப்சிங் 1714இல் இறந்தபின், அவர் மகன் தேஜ்சிங் கோட்டையின் ஆட்சியை ஏற்றான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் திறைப் பாக்கியைக் கேட்டுப் படையெடுத்தான். அவ்வாண்டு அக்டோபரில் நிகழ்ந்த போரில் தேஜ்சிங் இளமையிலேயே மாண்டான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாற்று நூலில் இவ்வரலாறு விரிவாக ஆராயப்பெற்றுள்ளது. ஓராண்டுக்கும் குறைந்த ஆட்சி. வரி தொடர்பான பூசல். தோல்வியில் முடிந்த ஒரு போர். உலகியல் வழக்கு நமக்குத் தருவது இவ்வளவே.

நாட்டுப் பாடல் இதனை எடுத்துக்கொண்டு வேறொன்றாக ஆக்கியது. டெல்லியில் எவரும் அடக்கமாட்டாத குதிரையை அடக்கும் சிறுவன், மணக்கோலத்தில் இருந்தபடியே நண்பனுக்காகப் போர்க்களம் புகும் முகம்மதிய வீரன், கணவனோடு எரிபுகும் அரசி என வீரமும் அழுகையும் பெருகும் காட்சிகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டன. வெவ்வேறு சுவைகளை ஒருங்கே தொகுத்தல் என நாடக வழக்குக்குக் கூறிய இலக்கணம் ஈண்டு முழுதும் பொருந்தக் காணலாம். டி. ஆர். ரகுநாத் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினி ஆகியோர் நடித்து 1960இல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' இக்கதை மரபின் வழிவந்ததேயன்றி வரலாற்று நூலின் வழிவந்ததன்று.

இப்படத்தை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பிழை தேடுதல் எளிது. ஆயின் அதனாற் பயன் சிறிதே. நாம் கேட்க வேண்டிய வினா, கூட்டியதும் குறைத்ததும் எதன் பொருட்டு என்பதே. வரிப்பூசல் தன்மான மோதலாக மாறியபோது, அக்காலத்து ஆட்சிமுறையின் இயல்பு மறைந்தது, அஃது இழப்பு. ஆனால், இந்து அரசனுக்கும் முகம்மதிய வீரனுக்கும் இடையே உயிர் கொடுக்கும் நட்பு இருந்தது என மக்கள் பல தலைமுறை பாடி வந்தனரே, அந்நம்பிக்கை அரசாங்க ஆவணங்களில் எதிர்பார்க்கத்தக்கதன்று. அதனைப் பாதுகாத்தது நாடக வழக்கே. எனவே, உண்மை முழுவதும் ஆவணத்தின் பக்கமே உண்டு எனக் கொள்ளுதல் பொருந்தாது.

5. உண்மை வழக்கும் கதைப்படமும்: 'ஜெய் பீம்'

முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட கதைக்கு நாம் காட்டும் பெருந்தன்மையை, வாழும் மக்களைப் பற்றிய கதைக்கு அவ்வாறே காட்டலாகுமா? 2021 நவம்பரில் இணையத் திரையில் வெளிவந்த 'ஜெய் பீம்' இவ்வினாவை எழுப்பியது. த. செ. ஞானவேல் இயக்கிய இப்படம், 1993இல் காவல் நிலையத்தில் ராசாக்கண்ணு என்பார் கொல்லப்பட்ட நிகழ்ச்சியையும், அப்போது வழக்கறிஞராக இருந்தவரும் பின்னர் உயர்நீதிமன்ற நடுவரானவருமாகிய கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் அடிப்படையாகக் கொண்டது.

படத்தின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. இருளர் குடிகளின் வாழ்வையும், அவர்மேல் பொய்வழக்குகள் சுமத்தப்படும் முறையையும், ஒரு பெண்ணின் தளராத உறுதியையும் அது மக்கள் முன் வைத்தது. செஞ்சி, திண்டிவனப் பகுதிகளில் இருளர் வாழ்வை அருகிருந்து கண்டார்க்கு, ஏரிக்கரையிலும் வயற்புறத்திலும் எலி பிடிக்கும் அக்காட்சிகள் புதியன அல்ல. அவை திரையில் மதிப்போடு காட்டப்பட்டதே புதிது. பல ஆண்டுகள் நீண்ட வழக்கை இரண்டரை மணிக்குச் சற்றே மிகுந்த நேரத்திற் சுருக்கியதும் குற்றமன்று. அது நாடக வழக்கின் இன்றியமையாத தொழில்.

ஆனால், ஒரு மாற்றம் ஆராய்தற்குரியது. உண்மை நிகழ்ச்சியில் கொல்லப்பட்டவர் குறவர் இனத்தைச் சார்ந்தவர். படத்தில் அவர் இருளராக மாற்றப்பட்டார். இனத்தை மாற்றிய படம், அவர் பெயரையும் வழக்கறிஞர் பெயரையும் மாற்றவில்லை. பெயர்கள் உலகியல் வழக்கில் நிற்க, இனம் நாடக வழக்கிற் சென்றது. இதனால், காண்போர் மாறியது எது மாறாதது எது என அறிதற்கு வழியில்லாது போயிற்று. இருளர் துன்பம் வெளிப்பட்டது நன்றே. ஆயினும் தம் துன்பத்தின் வரலாறு தம் பெயரால் அறியப்படும் வாய்ப்பைக் குறவர் இழந்தனர். பெயர்களையும் மாற்றியிருப்பின் இக்குறை நேர்ந்திராது. இனத்தை மாற்றாதிருப்பினும் நேர்ந்திராது. பாதி மாற்றமே இடர்ப்பாட்டிற்குக் காரணம்.

அப்படத்தின் ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாட்காட்டி ஒன்று எதிர்ப்பை எழுப்பியதும், அது பின்னர் மாற்றப்பட்டதும் இத்தொடர்பிற் கருதத்தக்கன. உண்மைக் கதை என அறிவித்துத் தொடங்கும் படத்தில், பின்புலத்தில் உள்ள சிறு பொருளையும் மக்கள் சான்றாகவே படிக்கின்றனர். நாடகம் என அறிவித்த படத்தில் அவ்வாறு படிப்பது அரிது. அறிவிப்பு என்பது படத்துக்கு வெளியே ஒட்டிய சீட்டன்று. படத்தைப் படிக்கும் முறையைத் தீர்மானிக்கும் உறுப்பு எனலாம்.

6. கீழ்வெண்மணி: ஒரு நிகழ்ச்சி, இரு வடிவங்கள்

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத்தஞ்சைப் பகுதியிலுள்ள கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் நாற்பத்து நால்வர் எரித்துக் கொல்லப்பட்டனர். இக்கொடுமையை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' என்னும் புதினத்தை எழுதினார். 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அப்புதினம், ஸ்ரீதர் ராஜன் இயக்கத்தில் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என 1983இல் படமாயிற்று. 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார்.

புதினம் நிலக்கிழாரின் மனக்கோளாற்றை ஒரு காரணமாக அமைத்ததை அக்காலத்திலேயே திறனாய்வாளர் சிலர் கண்டித்தனர். கூலி உயர்வு, சாதி, சங்கம் ஆகியவற்றால் எழுந்த மோதலைத் தனிமனித உளவியலாகச் சுருக்குவது முறையன்று என்பது அவர்தம் வாதம். நாடக வழக்கு எப்போதும் ஒரு நெஞ்சைத் தேடும் இயல்பினது. பல்லாயிரவர்க்குப் பொதுவான காரணத்தை ஒரு பாத்திரத்தின் நெஞ்சில் வைத்துக் காட்டுவதே அதன் வலிமை. அதுவே அதன் இடரும் ஆகும்.

ஆவணப்படம் அவ்விடரினின்றும் நீங்கி, நிகழ்ச்சியை அறிந்தோரின் வாய்மொழியை நாடுகின்றது. ஆயின் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நினைவு கூர்வோரின் சொல்லும் காலத்தால் தீண்டப்படாததன்று. ஏட்டுச்சுவடியிற் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் அவ்வாறே குறித்துக் காட்டுதல் போல, நினைவு தடுமாறும் இடத்தையும் நேர்மையான ஆவணப்படம் விட்டுவைக்கும். பேசுவோர் சொல்லற்று நிற்கும் அமைதியை வெட்டி நீக்கினால் படத்தின் ஓட்டம் விரையும், சான்று குன்றும்.

7. ஆவணப்படத்துள் நாடகம்

ஆவணப்படம் நாடக வழக்கினின்று முற்றும் நீங்கியது எனக் கருதுதலும் தவறு. பிளாகர்ட்டியின் 'நானூக்' 1922இல் வெளிவந்தது. அதன் தலைவனுக்கு உண்மைப் பெயர் வேறு. வீட்டாராகக் காட்டப்பட்டோர் அவன் வீட்டார் அல்லர். பனிவீட்டினுள் வெளிச்சம் போதாமையால், ஒரு பக்கம் திறந்த பனிவீடு படப்பிடிப்புக்கென்றே அமைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் உலகம் அப்படத்தைப் போற்றுகின்றது. ஆனால் அதனை வேறு கண்கொண்டு காண்கின்றது.

நம்மவருள் ஏ. கே. செட்டியார் செய்த பணி இதற்கு மாறான வழியைக் காட்டும். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்ற அவர், காந்தியடிகளைப் பற்றிப் பல நாடுகளில் பலர் எடுத்திருந்த படத்துண்டுகளைத் தேடி உலகைச் சுற்றினார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் அடிப் படத்தைத் திரட்டி, அதனைப் பன்னீராயிரம் அடியாகத் தொகுத்து, 1940இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். எதனையும் நடிக்கச் செய்யாமல், எடுக்கப்பட்டவற்றைத் திரட்டி ஒழுங்கு செய்தலையே அவர் தம் படைப்பாகக் கொண்டார். ஏடு தேடி ஊர் ஊராகச் சென்ற உ. வே. சாமிநாதையரின் முயற்சியோடு இதனை ஒப்பிடுதல் மிகையாகாது. எனினும், மிகப் பெரும்பகுதி விலக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. எதனை விலக்குவது என முடிவு செய்யும் இடத்தில் ஆவணப்படமும் நாடக வழக்கின் எல்லையைத் தொடுகின்றது.

அண்மைக்காலத்தில் முதுமலை யானை முகாமைக் களமாகக் கொண்டு கார்த்திகி கொன்சால்வசு இயக்கிய 'தி எலிபன்ட் விசுபரர்சு' 2023இல் ஆசுக்கர் விருது பெற்றது. தாயை இழந்த யானைக் கன்றுகளுக்கும், அவற்றை வளர்க்கும் காட்டுநாயக்கர் குடியைச் சார்ந்த பொம்மன், பெள்ளி இணையருக்கும் இடையே வளரும் அன்பை அது காட்டுகின்றது. ஒளிப்பதிவு நேர்த்தியானது; தாயன்பு என்னும் சுவை குறைவின்றி அமைந்துள்ளது. ஆயின், கன்றுகள் தாயை இழந்தது எதனால், காடு சுருங்கியது எதனால், காட்டுக் குடிகளுக்குக் காட்டின்மேல் உள்ள உரிமை யாது என்னும் வினாக்கள் ஓரத்தில் நின்றுவிடுகின்றன. கதைப்படமாயின் இதனைக் குறையெனக் கூறமாட்டோம். ஆவணப்படம் என்னும் பெயர் பூண்டமையால் கூறுகின்றோம்.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது, திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்'. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் தொழிலைச் சட்டம் 2013இல் மீண்டும் தடை செய்த பின்னரும் அது தொடர்வதைத் தொழிலாளரின் சொற்களாலேயே அப்படம் காட்டியது. இறந்தோரின் வீட்டார் பேசுகின்றனர், அடுத்து மற்றொரு வீட்டார், அடுத்து மற்றொருவர். சுவை கருதுவார்க்கு இது கூறியது கூறலாகத் தோன்றும். ஆனால், அத்தொடர்ச்சியே அப்படத்தின் வாதம் என்பதை உணர வேண்டும். இறப்பு ஒருமுறை நேர்ந்த விபத்தன்று என நிறுவுதற்கு வேறு வழி இல்லை. இப்பொருளையே கொண்டு தீபக் இயக்கிய 'விட்னஸ்' 2022இல் வெளிவந்தது. அக்கதைப்படம் ஒரே தாயையும் ஒரே மகனையும் எடுத்துக்கொண்டு வழக்குமன்றம் வரை செல்கின்றது. 'கக்கூஸ்' எண்ணிக்கையை உணர்த்த, 'விட்னஸ்' ஓர் உயிரின் அருமையை உணர்த்துகின்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் காண்பார்க்கு நாடக வழக்கும் உலகியல் வழக்கும் ஒன்றையொன்று நிறைவிப்பன என்பது இனிது விளங்கும்.

8. கதைப்படத்துள் உலகியல்

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கி 2021இல் ரோட்டர்டாம் படவிழாவில் புலி விருது பெற்ற 'கூழாங்கல்' இவ்விடத்துக் குறிக்கத்தக்கது. மனைவியை அழைத்து வரப் புறப்படும் குடிகாரத் தந்தையும் அவன் சிறுமகனும் வெயிலில் நடக்கின்றனர்; கதை அவ்வளவே. நீண்டு செல்லும் காட்சிகளும், வறண்ட மண்ணின் ஓசையும், தண்ணீருக்காகக் காத்திருக்கும் பெண்களும் ஆவணப்படத்தின் பொறுமையோடு காட்டப்படுகின்றன. பாட்டும் நீண்ட வசனமும் இன்றி, பாலை நிலத்தின் முதலும் கருவும் உரியும் காட்சியாலேயே அமைகின்றன. காட்சியே திரையின் மொழி என்னும் தியடோர் பாஸ்கரனின் கொள்கைக்கு இப்படம் தக்க இலக்கியமாகும். கதை நிகழவில்லை எனக் குறை கூறுவோர், நாடக வழக்கின் அளவுகோலை மட்டும் கையிற் கொண்டோர் ஆவர்.

9. திறனாய்வு அளவைகள்

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு வினாக்களைத் தொகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது: படம் தன்னை எவ்வழக்கினதாக அறிவிக்கின்றது? அவ்வறிவிப்புக்கு அஃது உண்மையாக நடந்துகொள்கின்றதா? 'ராஜா தேசிங்கு' இவ்வினாவில் தேறும். 'ஜெய் பீம்' ஓரிடத்தில் இடறும்.

இரண்டாவது: மாற்றியது எது, அம்மாற்றத்தால் நன்மை பெற்றோர் யார், இழந்தோர் யார்? இழந்தோர் தம் குரலை எழுப்ப இயலாத எளியோராயின், மாற்றத்தைப் படைப்புரிமை என மட்டும் கூறி விடுத்தல் ஒவ்வாது.

மூன்றாவது: பேசுவது யார்? ஆவணப்படத்தில் விளக்கவுரையாளர் பேசுகின்றாரா, வாழ்ந்தோர் பேசுகின்றனரா? அவர்தம் வட்டார வழக்கு காக்கப்பட்டதா? மொழியாராய்ச்சி செய்யும் தமிழ் மாணவர்க்கு இது சிறப்பாக உரிய வினா.

நான்காவது: விடப்பட்டது எது? கதைப்படத்தில் விடுதல் உத்தி. ஆவணப்படத்தில் விடுதல் பொறுப்பு. பதிப்பாசிரியர் தாம் கொள்ளாத பாடத்தை அடிக்குறிப்பிற் காட்டுவார். ஆவணப்பட இயக்குநர் அவ்வாறு காட்ட இயலாது. அதனைக் காட்டுதல் திறனாய்வாளர் கடமையாகின்றது. ஒரு படத்துக்கும் அதன் மூலநிகழ்ச்சிக்கும் இடையேயுள்ள வேறுபாடுகளைப் பாட வேறுபாடுபோற் பட்டியலிட்டு ஆராயும் ஆய்வேடுகள் தமிழ்த் துறைகளில் எழுதல் வேண்டும்.

10. முடிவுரை

மீண்டும் மேல்சித்தாமூருக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் தொகை 89,265. இவருள் வடநாட்டிலிருந்து குடியேறியோரும் அடங்குவர். தொன்றுதொட்டு இங்கு வாழும் தமிழ்ச் சமணர், நயினார் எனப்படுவோர், அவருள் ஒரு பகுதியினரே. ஐம்பெருங்காப்பியங்களுட் சிந்தாமணியையும், நன்னூல் போலும் இலக்கணங்களையும் தமிழுக்கு அளித்த சமயத்தார் இவர். உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, அதன் சமயப் பொருளை விளக்கி உதவியவர் கும்பகோணத்துச் சமணரே. ஆயினும், பொதுமக்கள் மனத்தில் சமணர் என்போர் பெரும்பாலும் வாதில் தோற்றவராகவும் கழுவேறியவராகவுமே நிற்கின்றனர். அவ்வுருவம் புராணத்தாலும் விழாக்களாலும் நாடகத்தாலும் வந்தது. அதாவது, நாடக வழக்கால் வந்தது. அண்டை வீட்டில் வாழும் மக்களைப் பழங்கதையின் எதிர்ப்பாத்திரமாக மட்டும் அறிதல் ஒரு சமுதாயத்துக்கு அழகன்று.

இதனை மாற்றுதற்கு உலகியல் வழக்கு வேண்டும். மடத்தின் அன்றாட ஒழுங்கு, கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கம், வயலில் உழும் நயினார் குடும்பங்களின் வாழ்க்கை, ஊர்கூடித் தேர் இழுக்கும் திருவிழா, ஏடு படிக்கும் முதியோரின் ஓசை ஆகியன பதிவு பெறல் வேண்டும். அப்பதிவு புகழ்ச்சியாகவும் இருத்தல் ஆகாது; இரக்கமாகவும் இருத்தல் ஆகாது. திருநாதர்குன்றுக் கல்வெட்டைப் போலப் பெயரையும் நாளையும் செயலையும் சொல்லி நிற்றல் போதும்.

எடுக்கப்படும் படங்களைப் பாதுகாத்தலும் வேண்டும். தென்னகத்து முதற் கதைப்படமாகிய நடராச முதலியாரின் 'கீசக வதம்' மறைந்தது. முதற் பேசும்படமும் மறைந்தது. இணையத்தில் இடப்படும் ஆவணப்படங்களுக்கும் நிலைபேறு உறுதியன்று. ஓலை அழியுமுன் அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுதலை மடங்கள் கடமையாகக் கொண்டிருந்தன. அதனாலன்றோ சிந்தாமணி நம் கைக்கு வந்தது. அக்கடமை இன்று பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கு உரியது. நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் ஒருங்கே வைத்து எண்ணிய மரபில் வந்த நாம், திரையிலும் இரண்டையும் உரிய அளவுகோலால் அளந்து, இரண்டையும் பேணுதல் முறையாகும்.